போர்ப் படத்தின் அடி ஓரத்தில் கத்தி வைக்காதீர்கள்

பழைய காகிதங்களைச் சீர்செய்வது என் தொழில். பரம்பரையாக வீட்டில் இருந்த, அச்சிட்ட போர்க்களப் படம் என்று கொண்டுவருபவர்கள் பழுப்புப் புள்ளிகளையும் கிழிசலையும் காட்டித்தான் கவலைப்படுவார்கள். நான் முதலில் பார்ப்பது படத்தின் அடி ஓரத்தை. பல நேரம் அது இருக்காது. பிரேமுக்குள் அடங்கவில்லை என்று கடையில் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கியிருப்பார்கள்.

அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் படத்தின் சாட்சியமே இருக்கிறது. இடது மூலையில் ஓவியர் பெயர், வலது மூலையில் அதை அச்சடிப்பதற்காக உலோகத் தகட்டில் செதுக்கியவர் பெயர், நடுவில் தலைப்பு, அதன் கீழே வெளியீட்டாளரும் தேதியும். தேதியையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறித்தால்தான் பதிப்புரிமை செல்லும் என்று பிரிட்டனில் 1735-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் இந்த வரிகளை நம்பிப் படத்தின் காலத்தைச் சொல்ல முடியும்.

ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799 மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் மாண்டார். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் அந்தக் காட்சியைச் சுமார் 120 அடி நீளத் துணியில் வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்ணால் பார்த்தவரே இல்லை. அந்தப் பெரிய ஓவியம் பின்னாளில் தீக்கு இரையானது. இன்று நமக்குக் கிடைப்பது, ஜியோவான்னி வென்ட்ராமினி என்ற இத்தாலியர் 1802, 1803-ஆம் ஆண்டுகளில் செப்புத் தகட்டில் செதுக்கிய மூன்று தாள்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முழுப் போர்க்களம். நடுத்தாளின் நாயகர் தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் தளபதி டேவிட் பேர்டு. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர், திப்பு படைகளிடம் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் அவர். அவரை நடுவில் நிறுத்தி வெற்றியைக் கொண்டாடிய லண்டன் படம் இது. அடிவரி போய்விட்டால், களத்தில் நின்று ஒருவர் வரைந்ததாகவே பேரப்பிள்ளைகள் நம்புவார்கள். அப்படி நம்பி எழுதப்பட்ட விளக்க அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

அடிவரி இல்லாத படம் கைக்கு வந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தாளைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி எடுத்த படமானால், நான்கு பக்கமும் லேசான பள்ளம் கோடாகத் தெரியும். ஓரத்தை ஒட்ட நறுக்கியிருந்தால் இந்தத் தடமும் போயிருக்கும். பிறகு பூதக்கண்ணாடி. வென்ட்ராமினியின் படத்தில் முகமெல்லாம் சிறிதும் பெரிதுமான புள்ளிகளால் ஆனது. எல்லாப் புள்ளியும் வலை போட்டாற்போல ஒரே ஒழுங்கில் இருந்தால் ஆஃப்செட் போன்ற பிற்கால இயந்திர அச்சு. பின்பக்கம் ஆங்கிலச் செய்தி அச்சாகியிருந்தால், 1842-க்குப் பிறகு பெருகிய படப் பத்திரிகைகளில் ஒன்றிலிருந்து கிழித்த, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட தாளாக இருக்கலாம். அவற்றில் பலவற்றுக்குப் பின்னாளில் விற்பனைக்காக வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

படம் பெரிதாக இருந்தால் பிரேமைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். பின்னால் பிளைவுட் வேண்டாம், அதன் அமிலம் மரத்தின் ரேகையையே தாளில் பழுப்பாகப் பதித்துவிடும். அமிலமில்லாத அட்டை கேளுங்கள். செல்லோடேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றையும் கிட்டே சேர்க்காதீர்கள். லேமினேஷனைப் பிரிக்கும்போது மையும் சேர்ந்து உரிந்து வருவதுண்டு. சுவர் ஈரமாக இருக்கும் வீட்டில் பிரேமுக்கும் சுவருக்கும் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வந்துவிடும்.

ஏற்கெனவே நறுக்கிவிட்டார்கள் என்றால் அந்தத் துண்டு எங்கே என்று கடைக்காரரிடம் உடனே கேளுங்கள். கிடைத்தால் அமிலமில்லாத உறையில் போட்டுப் படத்தோடு சேர்த்தே வையுங்கள். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும் கொண்டு அதை மறுபடி பொருத்திவிடலாம்.