ஒரே ஒரு காற்றை நம்பி டவரை முடிவு செய்யாதீர்கள்

காற்றாலை டவரின் அடியில் எவ்வளவு வளைவு விசை வருகிறது என்ற கணினிக் கணக்கை எடுத்துவரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை சீட் ஓட்டினீங்க?" என்றுதான். "ஒண்ணுதான் சார், பத்து நிமிஷமும் நல்லா ஓடிருச்சு" என்று பதில் வந்தால், அந்த வரைபடத்தை மேற்கொண்டு பார்க்க மாட்டேன்.

சீட் என்று நாங்கள் சொல்வது விதை எண்ணை. சராசரி வேகம், கொந்தளிப்பின் அளவு, பெரிய சுழல் சிறிய சுழல் எதில் எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் கைமால் நிறமாலை ஆகியவற்றை டர்ப்சிம் போன்ற மென்பொருளுக்குக் கொடுக்கிறோம். மிச்சத்தை அது தற்செயல் எண்களால் நிரப்பி, பத்து நிமிடக் காற்று ஒன்றை உருவாக்குகிறது. அந்தத் தற்செயலின் தொடக்கம்தான் விதை எண். அதை மாற்றினால் சராசரியும் திட்ட விலக்கமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் பலத்த வீச்சு எந்த நொடியில், எந்த இறக்கையின் மேல் வந்து மோதும் என்பது முற்றிலும் மாறிப்போகும்.

இறக்கைக்கு இது ஏன் முக்கியம்? அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையை எடுத்துக்கொள்வோம். இறக்கைகள் சேர்ந்த சுழலியின் விட்டம் 126 மீட்டர், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12.1 சுற்று. ஒரு சுற்றுக்கு ஐந்து நொடி. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 120 மீட்டர் நீளமுள்ள ஒரு சுழல் கடந்துபோகப் பத்து நொடி ஆகும். அதற்குள் ஒவ்வொரு இறக்கையும் அதே சுழலுக்குள் இரண்டு முறை புகுந்து வெளியே வந்துவிடும். நின்ற இடத்தில் நிற்கும் காற்றுமானிக்கு மெதுவான ஏற்ற இறக்கமாகத் தெரிவது, சுழலும் இறக்கைக்குச் சுற்றுக்கு ஒரு அடியாக விழுகிறது. மூன்று இறக்கைகளின் அடியும் சேர்ந்து டவருக்கு 0.6 ஹெர்ட்ஸில் போய்ச் சேர்கிறது. டவரின் சொந்த அதிர்வெண் 0.32 ஹெர்ட்ஸ் அளவில், சுழலியின் 0.2க்கும் இந்த 0.6க்கும் நடுவே, ஒத்ததிர்வில் சிக்காதபடி வைக்கப்பட்டிருக்கிறது.

திரும்பத் திரும்ப விழும் விசையால் பொருள் எவ்வளவு சேதமாகிறது என்ற சோர்வுக் கணக்கில் சின்னப் பிழைகூடப் பெரிதாகிவிடும். விசையின் எத்தனையாவது அடுக்கில் சேதம் கூடும் என்று சொல்லும் அடுக்கு எண்ணை எஃகு டவருக்கு 4 என்று வைத்தால், விசையின் ஏற்ற இறக்கம் 10 சதவீதம் கூடும்போது சேதம் 46 சதவீதம் கூடும். கண்ணாடி இழை இறக்கைக்கு அடுக்கு எண் 10. அதே 10 சதவீதம் அங்கே சேதத்தை 2.6 மடங்காக்கிவிடும். காற்றாலை வடிவமைப்புக்கான ஐஇசி 61400-1 என்ற சர்வதேசத் தரநிலை ஒவ்வொரு சராசரி வேகத்துக்கும் குறைந்தது ஆறு பத்து நிமிட ஓட்டம் கேட்பது சும்மா இல்லை.

நானும் இதில் தவறியிருக்கிறேன். நொடிக்கு 4 மீட்டரிலிருந்து 24 மீட்டர் வரை பதினொரு வேகங்களுக்கும் ஒரே விதை எண்ணைப் போட்டுவிட்டேன். எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய அதே நொடியில் ஒரு மேடு. கட்டுப்பாட்டு நிரலில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், ஒரே காற்றின் வடிவத்தைத்தான் பதினொரு முறை ஓட்டியிருக்கிறேன்.

காற்றாலை வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தளத்தின் சராசரி வேகத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஏ வகுப்பு இயந்திரத்துக்குக் கொந்தளிப்பு சராசரி வேகத்தில் 16 சதவீதம், பி வகுப்புக்கு 14, சி வகுப்புக்கு 12 என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். சி வகுப்பு இயந்திரத்தை இன்னொரு காற்றாலையின் பின்னால் நெருக்கி நிறுத்தினால், முன்னால் இருப்பது கலக்கிவிட்ட காற்றைத்தான் அது நாள் முழுக்க வாங்கும்.

பொறியாளர்கள் ஆறு ஓட்டங்களையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள். தொடக்க அதிர்வு அடங்கும் வரையிலான நொடிகளை வெட்டிவிடுங்கள். நான் ஒரு நிமிடம் வெட்டுவேன். ஒரு கோடு மட்டும் தனியே எழும்பி நின்றால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன 5 மெகாவாட் இயந்திரத்தில் நொடிக்கு 11.4 மீட்டரை ஒட்டித்தான் டவரைப் பின்னுக்குத் தள்ளும் விசை உச்சத்தில் இருக்கும். காற்று ஒரு கணம் தணிந்து, இறக்கைகள் காற்றை முழுதாக வாங்கும் கோணத்துக்குத் திரும்பிய நேரம் பார்த்து அடுத்த வீச்சு வந்திருக்கலாம். அந்த நொடியின் காற்று வேகம், இறக்கை திரும்பியிருக்கும் பிட்ச் கோணம், டவர் அசைவு மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்செடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.