எழும்பிப் பறந்த குருவி

போன வருடம் ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மட்டக்களப்புப் பக்கம், பெரியகல்லாற்றில் அக்கா வீட்டு விறாந்தையில் காலைத் தேத்தண்ணீரோடு இருந்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். குரும்பட்டி ஏதும் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், கட்டாரில் இருக்கும் மருமகன் காசு அனுப்பிப் புதிதாகப் போட்ட முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு குருவி செட்டையை விரித்தபடி கிடந்தது.

கையில் எடுத்தேன். ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், வாலடி குங்குமச் சிவப்பு, செட்டையில் ஒரு நீலக் கீற்று. கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோலக் கறுப்புக் கோடு. வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவு கட்டை. வாய் பாதி திறந்திருந்தது. கீழிமை மெல்ல எழுந்து கண்ணை மூடும், பிறகு இறங்கும். உள்ளங்கையில் சுட்டது. குருவிகளின் உடம்பு வெப்பம் 40, 41 பாகை செல்சியஸ். நமக்கு அது கடும் காய்ச்சல், அதற்கு அதுதான் சுகம்.

பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்தேன். தலையை ஒருமுறை உதறியது, விரலில் காலை ஊன்றியது, எழும்பிப் பறந்து வேலியோரக் கிளிசறியாவில் போய் இருந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். அக்கா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை அதே மரத்தடியில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. அக்கா குந்தியிருந்து பார்த்தார். “அவரும் இப்பிடித்தானே எழும்பி நடந்தவர்” என்றார்.

அத்தானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் குருவியின் கதை.

ஆறுமணிக்குருவி நம் ஊர்க் குருவி இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவின் மலைக்காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரி தொடங்கும்போது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். நிறை 50, 60 கிராம்தான். அடிவாரத்திலிருந்து மட்டக்களப்புக்கு 2000 கிலோமீற்றருக்கு மேல். இரவில்தான் பறக்கும். இரவில் பயணம் போகும் குருவிகள் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை பிடிக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லென் 1960களில் கோளரங்கத்துக்குள் குருவிகளை விட்டுக் காட்டினார். பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்கு வழிகாட்டி. சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து எரித்து, களைத்துப்போய் ஒரு விடியலில் வந்து இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து நம் முற்றத்து வெளிச்சங்கள் அதைத் தடுமாற வைக்கின்றன. விடிந்ததும் கண்ணாடி.

அதற்குக் கண் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒரு செக்கனில் 60 தடவை மினுங்கும் விளக்கு நமக்கு விடாமல் எரிவதாகத் தெரியும். சில சிறு குருவிகள் 100 தடவைக்கு மேல் மினுங்குவதையும் தனித்தனியாகப் பிரித்துக் காணும். ஆனால் அந்தக் கண்கள் தலையின் இரு பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்தில் கிடக்கும் புழு, மேலே வட்டமிடும் பருந்து எல்லாம் தெரிய வேண்டும், அதற்கான அமைப்பு. நேர் முன்னால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு ஒடுக்கம், கூர்மையும் குறைவு. வெட்டவெளியில் பறக்கிற உயிருக்கு அது தாராளம். காற்றுப்போலத் தெரிந்து கல்லுப்போல நிற்கும் ஒரு பொருளை அதன் முன்னோர் எவரும் சந்தித்ததே இல்லை.

அக்கா வீட்டுக் கண்ணாடியைக் குருவி பறக்கும் உயரத்தில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கத் தென்னைகளும் வாவிப்பக்கத்து வானமும் அப்படியே அதற்குள் இருந்தன. நமக்கு அது கண்ணாடி என்று சொல்வது சட்டம், கைபிடி, தூசி, அப்புறம் பழக்கம். அவ்வளவும் இருந்தும் நாமே மோதுகிறோம். வங்கிக் கதவுகளில் கண் மட்டத்தில் ஒரு பட்டி ஒட்டியிருப்பது அதற்காகத்தான்.

மோதும்போது என்ன நடக்கிறது? செக்கனுக்கு 10 மீற்றர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 5 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தேசிக்காய் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. பெரிதாகத் தோன்றாது. ஆனால் முதலில் மோதுவது அலகும் தலையும். தலை நிற்பதற்குக் கிடைக்கும் இடம் சில மில்லிமீற்றர். 5 மில்லிமீற்றருக்குள் நின்றால், அந்தக் கணத்தில் தலை உணரும் விசை அதன் நிறையைப்போல் சுமார் 1000 மடங்கு. உடம்பு இன்னும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது.

அப்படியானால் தென்னையில் நாள் முழுக்கக் கொத்தும் மரங்கொத்தி ஏன் சாவதில்லை? அதன் மண்டையில் பஞ்சு மெத்தை மாதிரி ஓர் அமைப்பு இருப்பதாக நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். பெல்ஜியத்தில் சாம் வான் வாசன்பெர்க் குழுவினர் கொத்துவதை வேகப் படம்பிடித்து அளந்து, அப்படி மெத்தை ஒன்றும் வேலை செய்யவில்லை என்று 2022இல் காட்டினார்கள். மூளை சிறியதாக இருப்பதே அதற்குப் போதிய காப்பு. ஆனால் மரங்கொத்தி காலால் மரத்தைப் பிடித்து, வாலை ஊன்றி, கழுத்தை இறுக்கி, அலகு நுனியால் அளந்து கொத்துகிறது. நம் குருவிக்கு மோதப்போவதே தெரியாது.

கண்ணாடியில் மோதிச் செத்த குருவியைப் பார்த்தால் ‘கழுத்து முறிஞ்சு போச்சு’ என்போம், தலை தொங்குவதால். அமெரிக்கப் பறவையியலாளர் டானியல் கிளெம் 1970களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர். செத்த குருவிகளை அறுத்துப் பார்த்ததில் பெரும்பாலும் கழுத்து முறிந்திருக்கவில்லை. மண்டைக்குள்தான் இரத்தம் கசிந்திருந்தது. 1990இல் இதை வெளியிட்டார். எழும்பிப் பறந்து போகிறவற்றிலும் ஒரு பகுதி பிறகு செத்துப்போகின்றன என்பதும் அவர் வழியாகத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36 கோடி 50 இலட்சம் முதல் 98 கோடி 80 இலட்சம் வரை குருவிகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

பறந்துபோன குருவி ஏன் செத்தது? அத்தானின் கதையும் இங்கேதான் வருகிறது.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் கடைக்குப் போய்வந்த அத்தானின் மோட்டார் சைக்கிள் றோட்டோர மணலில் சறுக்கியது. கடைக்குத்தானே என்று ஹெல்மெட் போடவில்லை. விழுந்த வேகத்தில் கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். பிறகு எழும்பி, சேட்டில் ஒட்டிய மணலைத் தட்டி, சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணீர் குடித்தார். பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் திருத்திக் கொடுத்தார். “ஒள்ளுப்பம் தலை இடிக்கு புள்ள, படுத்தாச் சரியாயிடும்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். ஒருமுறை சத்தி எடுத்தார். களைப்பு என்று நினைத்து நாங்கள் எழுப்பவில்லை. நள்ளிரவு தாண்டி மூச்சுச் சத்தம் மாறியபோதுதான் அக்கா எழுப்பிப் பார்த்தார்.

மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு மூளை, ஒரு பங்கு இரத்தம், ஒரு பங்கு மூளையைச் சுற்றி நிற்கும் தெளிந்த நீர். பெட்டி விரியாது என்பதால் ஒன்று கூடினால் இன்னொன்று குறைய வேண்டும். எடின்பரோவில் அலெக்சாண்டர் மன்றோ 1783இலேயே எழுதி வைத்த விசயம் இது. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதற்கு உட்புறமாக ஒரு நாடி ஓடுகிறது. அடிபட்டு எலும்பு வெடித்தால் அந்த நாடி கிழிந்து, எலும்புக்கும் மூளையைப் போர்த்திய தடித்த சவ்வுக்கும் நடுவில் இரத்தம் தேங்கத் தொடங்கும்.

முதலில் உடம்பு சமாளிக்கும். தெளிந்த நீர் முள்ளந்தண்டுப் பக்கம் இறங்கி இடம்விடும். நாளங்கள் இரத்தத்தை வெளியே தள்ளும். அதனால்தான் ஆள் எழும்புகிறார், நடக்கிறார், கணக்குத் திருத்துகிறார். விட்டுக்கொடுக்கக்கூடிய இடம் தீர்ந்த பிறகு, ஒரு தேக்கரண்டி இரத்தம் கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். மூளை ஒரு பக்கம் ஒதுங்கி, அடியில் மூச்சை ஓட்டும் தண்டை நசுக்கும். நல்லாக இருந்த மனிதர் திடீரென்று போனதாக ஊர் சொல்லும். உள்ளே அது மணிக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

குருவியின் மண்டைக்குள் இரத்தம் கசியும் இடம் வேறாக இருக்கலாம். பெட்டி மூடியதுதான். அளவு சிறியது, விட்டுக்கொடுக்க இடமும் சொற்பம்.

இந்தக் கரையில் திடீர்ச் சாவை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 மார்கழி 26 காலையில் கடல் வந்தபோது ஓட நேரமிருக்கவில்லை. அத்தானுக்கு நேரம் இருந்தது. அது நேரம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இதை எழுத அந்த ஒன்றுதான் காரணம்.

ஆகவே சொல்கிறேன்: தலையில் அடிபட்டு ஒருவர் கொஞ்ச நேரமாவது நினைவிழந்தால், எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கூடிக்கொண்டே போகும் தலையிடி, சத்தி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒரு பக்கக் கைகால் சோர்வு. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சீ.ரி. ஸ்கானில் இரத்தம் தெரியும். எலும்பைத் திறந்து அதை வெளியேற்றினால் அழுத்தம் இறங்கும். உரிய நேரத்தில் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

குருவி மோதி விழுந்தால், காற்றுப் போகச் சிறு துளையிட்ட கடதாசிப் பெட்டிக்குள் வைத்து மூடி, இருட்டில், பூனையும் காகமும் எட்டாத இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம், தீனியும் வேண்டாம். என்னைப்போல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். நம் கை அதற்குப் பயம். பிறகு மரங்களுக்கு நடுவே பெட்டியைத் திறங்கள்.

மோதாமல் தடுப்பதுதான் பெரிய காரியம். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை, குருவி அதைச் சுற்றிக்கொண்டு போய் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம், குருவி நுழைய முடியாது என்று நினைக்கும் நெருக்கத்தில் அடையாளம் வேண்டும். மேலிருந்து கீழாகத் தொங்கும் கயிறானால் 10 சென்ரிமீற்றருக்கு ஒன்று. தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூல் கண்ணுக்குத் தெரியாது, தடித்த கயிறாக இருக்க வேண்டும்.

இந்த வருடம் புரட்டாசி முடியும் முன்பே அக்கா பழைய வலைக்கயிறு வாங்கி வைத்துவிட்டார். நான் ஏணியில் நிற்க, அவர் கீழே நின்று சாணால் அளந்து அளந்து வெட்டித் தந்தார். முன்பக்கம் முழுக்கத் தொங்கவிட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வேலிப்பக்கமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். அக்கா கத்திரிக்கோலை நிறுத்திக் கேட்டார். பிறகு “மாடியில இன்னும் ரெண்டு யன்னல் கிடக்கு, நாளைக்கு வெள்ளன வா” என்றார்.