மெர்நெய்த்: காய்ந்த மண்ணில் அகப்பட்ட அரசி

எகிப்தின் அபைடோஸ் பாலைவனத்தில் உம் எல்-காப் என்றொரு இடம் இருக்கிறது. அரபியில் ‘பானைகளின் தாய்’ என்று பொருள். பிற்காலத்துப் பக்தர்கள் படையல் வைத்துவிட்டுப் போன பானைகளின் ஓடுகள் அங்கே கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். அவற்றுக்கு அடியில்தான் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய முதல் வம்சத்து மன்னர்களின் கல்லறைகள். 1900இல் அங்கே தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, ஒரு பெரிய கல்லறையருகே மெர்நெய்த் என்ற பெயர் பொறித்த கல்லைக் கண்டார். இத்தனை பெரிய கல்லறை ராஜாவுக்குத்தானே இருக்க முடியும்! ஆண் என்றே எழுதிவிட்டார். அந்தப் பெயருக்கு ‘நெய்த் தேவியின் அன்புக்குரியவள்’ என்று பொருள் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்படியானால் அவள் ஆண்டாளா? அக்கால மன்னர்கள் தம் பெயரை அரண்மனை முகப்பு போன்ற கட்டத்துக்குள் எழுதி, மேலே ஹோரஸ் கடவுளைக் குறிக்கும் பருந்தை உட்கார வைப்பார்கள். அவள் கல்லில் கட்டமும் இல்லை, பருந்தும் இல்லை.

பதில் சேற்றில் இருந்தது. அன்றைய எகிப்தில் கிடங்குப் பொருளுக்குப் பூட்டு, கையெழுத்து இரண்டுமே முத்திரைதான். ஜாடியின் வாயைக் களிமண்ணால் அடைத்து, ஈரம் காயுமுன் விரல் நீள உருளையொன்றை அதன்மேல் உருட்டுவார்கள். உருளையில் எழுத்து இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். மண்ணில் நேராகப் பதியும். யாராவது ஜாடியைத் திறந்தால் பதிவு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். உருளைகள் தொலைந்துபோயின. பாலைவன வறட்சியில் மண் நின்றது.

1985இல் டென் என்ற மன்னனின் கல்லறையில் ஜெர்மானிய ஆய்வாளர்களுக்கு அப்படியொரு பதிவு கிடைத்தது. நார்மர், ஆஹா, ஜெர், ஜெட், டென் என்று வரிசையாக மன்னர்கள். அவர்களோடு ‘மன்னனின் தாய் மெர்நெய்த்’. ஜெட் இறந்தபோது டென் சிறுவன், அவன் வளரும்வரை தாய் ஆண்டாள் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். இதற்குச் சொல்லும் ‘பொறுப்பாட்சி’ என்ற சொல் எனக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் படுகிறது. அந்த மயானத்தில் மன்னர்களுக்கு நிகரான சொந்தக் கல்லறை அமைந்த ஒரே பெண் அவள்.

வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தியானா கோலர் தலைமையிலான குழு அதை மீண்டும் தோண்டி, 2023இல் முடிவுகளை அறிவித்தது. நூற்றுக்கணக்கான மது ஜாடிகள். சில இன்னும் மூடியபடியே. உள்ளே திராட்சை விதைகள்கூட இருந்தன. கருவூலம் போன்ற அலுவலகங்கள் அவள் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டொன்று காட்டியது. சுற்றியுள்ள 41 பணியாளர் கல்லறைகள் ஒரே வீச்சில் கட்டப்பட்டவை அல்ல. அரசியோடு எல்லாரையும் சேர்த்துப் பலியிட்டிருப்பார்கள் என்ற பழைய ஊகம் இதனால் ஆட்டம் காண்கிறது.

டென்னுக்குப் பின் மூன்றாவதாக வந்த காஆ மன்னனின் கல்லறையிலும் இதே வகை முத்திரைப் பதிவு கிடைத்திருக்கிறது. நார்மர் தொடங்கி எட்டு மன்னர்கள் அதில் இருக்கிறார்கள். மெர்நெய்த் இல்லை.