லீஸ்: குத்தகையா, ஒத்தியா, வாரமா?

எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவை ஒரு நிறுவனத்துக்கு 30 வருஷ லீஸுக்கு விடலாமா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணை ஓரமாக இருக்கும் சின்ன ஊர். பூங்கா என்ற பேர்தான் மிச்சம். சறுக்குமரத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது; ஊஞ்சலில் பலகை போய்ச் சங்கிலி மட்டும் தொங்குகிறது. சுற்றுச்சுவரில் நண்டு வலை காயும், சிமெண்ட் தளத்தில் நெத்திலி காயும். தனியார் பணம் போட்டால் விளக்கு, நடைபாதை, உணவகம் எல்லாம் வரும் என்றது ஒரு தரப்பு. கடலைப் பார்க்க டிக்கெட் எடுக்கணுமா என்றது இன்னொரு தரப்பு. நடுவில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏப்பா, 30 வருஷம் கழிச்சு அவுக காசைத் திருப்பிக் குடுத்தாத்தானே பூங்காவை மீட்க முடியும்? அம்புட்டுப் பணத்துக்குப் பஞ்சாயத்து எங்கிட்டுப் போகும்?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. வீட்டை லீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று தமிழ்நாட்டில் ஒருவர் சொன்னால், மொத்தமாக ஒரு தொகை வாங்கியிருக்கிறார், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்றுதான் பொருள். அது ஒத்தி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அடமான வகையில் சேர்க்கிறது. அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்லும் லீஸ் வேறு: பணத்துக்கோ வேறு பயனுக்கோ, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் கைமாற்றுவது. அதற்குத் தமிழ் குத்தகை. ஒத்தியில் பணம் திரும்பும், குத்தகையில் திரும்பாது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. தளர்த்து, அவிழ்த்துவிடு என்ற பொருளுள்ள 'லக்ஸாரே', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் லீஸ் ஆனது. நாமும் குத்தகைக்கு 'விடு'கிறோம். பிடியைத் தளர்த்துவதுதான் இரண்டிலும் உள்ள செயல். ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் விடுவதும் லீஸ், எடுப்பதும் லீஸ். தமிழில் விடுகிறவர் யார், எடுக்கிறவர் யார் என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

குத்தகைக்கு அக்கம்பக்க மொழிகளில் உறவுகள் உண்டு. கன்னடத்தில் குத்திகெ என்றால் ஒப்பந்தம். மலையாளத்தில் குத்தக என்றால் ஏகபோகம். நம் குத்தகைக்கு அவர்கள் சொல்வது பாட்டம். தெலுங்கிலும் குத்தாதிபத்யம் என்றால் ஏகபோகம்தான். நம்மிடமும் அந்த வாடை அடிக்கத்தான் செய்கிறது. 'உண்மை பேசுவதைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாயா?' என்று திட்டும்போது வேறென்ன சொல்கிறோம்? கடற்கரையைப் பற்றிய பேச்சில் இந்த வாடை முகர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று.

ஆனால் எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது வேறு. எதைக் குத்தகைக்கு என்ற கேள்வி கூடவே வந்து நிற்கும். நம் பக்கம் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை விடுவார்கள். எடுத்தவருக்கு மீன் மட்டும்தான். மாடு தண்ணீர் குடிக்கும், ஊர் குளிக்கும், மடை திறந்தால் வயலுக்குப் போகும்; குத்தகைதாரர் வாய் திறக்க முடியாது. புளியமரக் குத்தகையில் புளி அவருடையது, நிழல் நம்முடையது. பூங்காவில் உணவகத்தையும் வண்டி நிறுத்தத்தையும் மட்டும் விடலாம், மணலையும் கரையையும் விடாமல் இருக்கலாம். 'பூங்கா லீஸ்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இந்தப் பிரிவினை காணாமல் போகிறது.

வருஷத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசாமல், வசூலில் பங்கு தாருங்கள் என்றும் கேட்கலாம். ஒப்பந்தத் தாள்களில் அதற்கு வருவாய்ப் பகிர்வு என்று பெயர். அது நம் வாரம், விளைச்சலில் பங்கு பேசி நிலத்தை விடுவது. விளைந்தால் இருவருக்கும், பொய்த்தால் இருவருக்கும் இல்லை. வாரத்தில் நிலத்துக்காரர் களத்துமேட்டில் நின்று அளப்பார். பூங்கா டிக்கெட்டை அளக்கப் பஞ்சாயத்தில் யார் போய் நிற்பார் என்று யாரும் சொல்லவில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியாறு அணைக் குத்தகை 1886இல் 999 ஆண்டுகளுக்குப் போடப்பட்டது, வருஷத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் என்று. அந்தத் தண்ணீர்தான் வைகையில் சேர்கிறது. வைகையின் கடைசியில் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய். எழுதிய கைகள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, ஏட்டில் எழுதிய சொல்லுக்கு இன்னும் வழக்கு நடக்கிறது.

லீஸ் வேண்டாம், லைசென்ஸ் கொடுக்கலாம், நினைத்தால் ரத்து செய்துகொள்ளலாம் என்பார்கள். லைசென்ஸ் என்பது உரிமம். மண்ணில் பாத்தியதை கிடையாது, அனுமதி மட்டும். ஆனால் உரிமம் பெற்றவர் அதை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டடம் எழுப்பிவிட்டால், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 60ஆம் பிரிவு. நினைத்தால் ரத்து என்பதெல்லாம் கான்கிரீட் போடும் வரைதான்.

கான்கிரீட் போட்ட பிறகும் ஒரு பூங்கா மீண்டதுண்டு. லக்னோவில் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் வணிக வளாகம் கட்ட ஒரு தனியாருக்கு மாநகராட்சி ஒப்பந்தம் கொடுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழையபடி ஆக்கச் சொன்னது.

சரி, எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். தீர்மான நோட்டில் 'லீஸ்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'குத்தகை' என்று எழுதச் சொன்னார்கள். எழுத்தர் அடித்து எழுதினார். பத்திரம் எழுதிப் பழகிய ஒருவர் பின்னாலிருந்து, "நீங்கலாகன்னு ஒரு வரி வேணும்ல" என்றார். எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். முதலில் வாய் திறந்தது அந்தப் பெரியவர்தான்: "வலை காயப்போடுற சுவரு நீங்கலாக. எழுதிக்கங்க."