ரீபூட்: மறுதொடக்கமா, மீட்சியா?

2025 ஜூலை 11 அன்று அமெரிக்காவில் புதிய சூப்பர்மேன் படம் வெளியானபோது, அதைக் கொண்டாடியவர்களும் அதன் மேல் கோபப்பட்டவர்களும் ஒரே சொல்லைத்தான் கையில் எடுத்தார்கள்: ரீபூட். நல்ல ரீபூட் என்றார்கள் சிலர். தேவையில்லாத ரீபூட் என்றார்கள் வேறு சிலர். தமிழிலும் இந்தச் சொல் எழுத்து மாறி அப்படியே வந்துவிட்டது. பழைய படங்களின் தொடர்ச்சியை அறுத்துவிட்டு, அதே நாயகனைப் புது நடிகர், புது இயக்குநர், புதுக் கதையுலகம் என்று முதலிலிருந்து தொடங்குவதுதான் இதன் பொருள். ஆனால் நடைமுறையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்களுக்கு இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டாகப் பிரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். தமிழில் அந்த இரண்டையும் தனித்தனியே சொல்ல வழி இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. இதில் வரும் பூட், காலில் போடும் பூட்ஸ்தான். உயரமான பூட்ஸைப் பிடித்து இழுத்து மாட்டிக்கொள்ள அதன் மேல்விளிம்பில் ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கில் நடக்காத காரியத்தைக் குறித்தது. பிற்காலத்தில் யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வருவதைக் குறிக்கலாயிற்று. 1950களில் கணினிப் பொறியாளர்களுக்கு இந்த வழக்கு கச்சிதமாகப் பொருந்தியது. அப்போதுதான் மின்சாரம் பாய்ந்த கணினிக்கு எதுவும் தெரியாது. நிரலை உள்ளே ஏற்றவே ஒரு நிரல் வேண்டும். எனவே மிகச் சிறிய நிரல் ஒன்று முதலில் ஓடித் தன்னைவிடப் பெரிய நிரலை உள்ளே இழுக்கும். கணினி தன் வாரைப் பிடித்துத் தானே எழுவதுபோல் இருந்ததால் பூட்ஸ்ட்ராப், அதாவது பூட்ஸ் வார், என்ற பெயர் வந்தது. பெயர் சுருங்கி பூட் ஆனது. அதை இன்னொரு முறை செய்தால் ரீபூட்.

கணினியை ரீபூட் செய்தால் நினைவகத்தில் தற்காலிகமாக இருந்தவை அழிந்துபோகும். வட்டில் சேமித்தவை அப்படியே இருக்கும். கதைகளுக்கு இந்தச் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரசிகர்களின் மனத்தில் சேமிக்கப்பட்டவை எந்த ரீபூட்டிலும் அழிவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

சினிமாவுக்கு முன்பே காமிக்ஸில் இந்த வேலை நடந்தது. சூப்பர்மேன் 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்களின் படைப்பாக அச்சில் வந்தான். அரை நூற்றாண்டை நெருங்கும்போது அவன் கதைகள் ஒன்றோடொன்று முரண்பட்டுப் பல பூமிகள், பல சூப்பர்மேன்கள் என்று கிளைத்துக் கிடந்தன. 1985-86இல் டிசி நிறுவனம் பெரிய தொடர் ஒன்றின் வழியாக அந்தப் பூமிகளை ஒன்றாக்கியது. 1986இல் ஜான் பைர்ன் ஆறு இதழ்களில் சூப்பர்மேனின் கதையை முதலிலிருந்து எழுதினார். அவன் பிறந்த கிரிப்டான் கோளிலிருந்து தப்பியவன் அவன் ஒருவன் மட்டுமே என்பது புதிய விதி. அதனால் 1955 முதல் வாசகர்களின் செல்லமாக இருந்த நாய் கிரிப்டோவுக்கு இடமில்லாமல் போனது. பழைய கதையில் இறந்துபோயிருந்த வளர்ப்புப் பெற்றோர் புதிய கதையில் உயிரோடு இருந்தார்கள். ஒரு நாய் கதையிலிருந்து காணாமல் போவது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் அது இறந்துபோகவில்லை, அப்படி ஒரு நாய் இருந்ததே இல்லை என்றல்லவா புதிய கதை சொன்னது! ரீபூட்டின் இயல்பு முழுவதும் அந்த ஒரு முடிவில் தெரிகிறது.

திரையுலகில் இந்தச் சொல் பரவலானது 2005இல். 1997இல் வெளிவந்து கடும் ஏளனத்துக்கு ஆளான படத்தோடு பேட்மேன் வரிசை நின்றுபோயிருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துக் கிறிஸ்டோபர் நோலன் முந்தைய நான்கு படங்களையும் கணக்கில் எடுக்காமல் நாயகனின் இளமையிலிருந்து தொடங்கினார். அதன் வெற்றிக்குப் பிறகு ஹாலிவுட்டில் நின்றுபோன வரிசைகளுக்கெல்லாம் இந்தச் சொல்லே மருந்தாயிற்று.

பக்கத்துச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே கதையைத் திரும்ப எடுப்பது ரீமேக், மறுஆக்கம். 1980இல் வந்த பில்லா 2007இல் திரும்ப வந்தது அப்படித்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்வது இரண்டாம் பாகம். பழைய படத்தையே திரையரங்குக்குக் கொண்டுவருவது மறுவெளியீடு. ரீபூட்டில் நாயகன் பழையவன், உலகம் புதியது.

தமிழில் என்ன சொல்லலாம்? புத்துயிர் என்று எழுதுவோர் உண்டு. அது பாராட்டுச் சொல். உயிர் வந்ததா இல்லையா என்பதே சண்டையாக இருக்கும்போது அது தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மீளுருவாக்கம் பெரும்பாலும் மறுஆக்கத்தின் பொருளில்தான் புழங்குகிறது. மீதி இருப்பவை மறுதொடக்கம், மீட்சி என்ற இரண்டும். வேறுபாடு முன்னால் நிற்கும் மறு, மீள் என்ற இரண்டில் இருக்கிறது.

மறு என்பதற்குத் தமிழில் ஒலி ஒன்று, வேலை மூன்று. மறுபதிப்பு, மறுஒளிபரப்பு என்னும்போது அது ‘இன்னொரு முறை’. மறுநாள், மறுகரை, வள்ளுவர் இம்மையோடு சேர்த்துச் சொன்ன மறுமை ஆகியவற்றில் அது ‘இன்னொன்று, வேறு’. வினையாக நிற்கும்போது மறுப்பது, ஏற்க முடியாது என்பது. பைர்ன் செய்தது இந்த மூன்றும்தான். கதையை இன்னொரு முறை சொன்னார், வேறு கதையாகச் சொன்னார், முன்னதை மறுத்தார். மறுதொடக்கம் என்ற சொல்லைக் கணினித் தமிழ் முன்பே பழக்கிவிட்டது. கதைக்கும் அது தயக்கமின்றிப் பொருந்துகிறது.

மீள் என்பது திரும்பி வருவது. ‘மீண்டும்’ என்று நாம் நாளெல்லாம் சொல்வது இந்த மீள் என்ற வினையிலிருந்து வந்ததே. சுந்தரர் திருவாரூரில் ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்’ என்று பாடினாரே, அந்த மீளாமையின் எதிர்ப்பக்கம் இது. விட்டுப்போன இடத்துக்கே வந்து சேர்வதும், அடகில் இருந்ததைத் திரும்பப் பெறுவதும் மீள்தல், மீட்டல். இலங்கைத் தமிழில் மீளாய்வு, மீள்குடியேற்றம், மீள்திறப்பு என்று இந்த முன்னொட்டு செழித்திருக்கிறது; தமிழகப் பத்திரிகைகள் அதே இடங்களில் மறுஆய்வு, மறுகுடியமர்வு என்று எழுதும் வழக்கம் உண்டு. இருவகையும் சரி. ஆனால் பொருளில் ஒரு சாய்வு இருக்கிறது. மறு பழையதிலிருந்து விலகுகிறது. மீள் பழையதை நோக்கி வருகிறது.

இந்தச் சாய்வை மனத்தில் வைத்துக்கொண்டு சூப்பர்மேன் படங்களைப் பாருங்கள்.

1978இல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் கிறிஸ்டோபர் ரீவ் பறந்த படம் ஒரு தலைமுறைக்கே சூப்பர்மேனின் முகத்தையும் குரலையும் கொடுத்தது. பட்ஜெட் பாதியாக வெட்டப்பட்டு 1987இல் வந்த நான்காம் படம் தோற்றது. 1990களில் நிக்கோலஸ் கேஜை வைத்து டிம் பர்ட்டன் எடுக்கவிருந்த படம் உடை ஒத்திகை வரை வந்து 1998இல் கைவிடப்பட்டது. 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த ரீவ், 2004இல் காலமானார். எனவே 2006 ஜூனில் பிரயன் சிங்கரின் படம் வெளிவந்தபோது ரசிகர்கள் 19 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அந்தப் படம் ரீவுக்கும் அவர் மனைவி டானாவுக்கும் காணிக்கையாக்கப்பட்டது.

அது மீட்சியின் படம். முதல் இரண்டு படங்களின் நினைவைத் தக்கவைத்துக்கொண்டு, மூன்றையும் நான்கையும் ஒதுக்கிவிட்டு, ஐந்தாண்டு காணாமல் போன நாயகன் திரும்புவதாகக் கதை. தொடக்க எழுத்துகள் 1978 பாணியிலேயே விண்வெளியில் பறந்து வந்தன. ஜான் வில்லியம்ஸின் அதே இசை. இறந்துவிட்ட மார்லன் பிராண்டோவின் பழைய குரலே தந்தையின் குரல். எரிந்து விழும் விமானத்தை அவன் காப்பாற்றும் காட்சியைக் கவனியுங்கள். மூக்கு கீழாக விழும் விமானத்தை, கூட்டம் நிறைந்த பேஸ்பால் மைதானத்தின் நடுவே, தரைக்குச் சற்று மேலே தாங்கி நிறுத்தி மெல்ல இறக்கிவைக்கிறான். கதவைப் பிய்த்துத் திறந்து, பயணிகளிடம் விமானப் பயணம்தான் இன்னும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறான். 1978இல் ரீவ் நாயகி லோயிஸ் லேனிடம் சொன்ன அதே வசனம். மைதானம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் ரசிகர்களில் பெரும்பகுதியினர் அலுத்துக்கொண்டார்கள். படம் முழுவதும் நாயகன் ஒருவரையும் ஒரு குத்துகூடக் குத்தவில்லை என்பது இன்றுவரை சொல்லப்படும் குறை. லோயிஸுக்கு ஒரு மகன் இருப்பதும், நாயகன் அவள் வீட்டு வெளியே நின்று உள்ளே நடப்பதைக் கவனிப்பதும் பலருக்கு நெருடின. நாயகனாக நடித்த பிராண்டன் ரௌத் ரீவைப் போலவே இருந்ததை ஒரு சாரார் அஞ்சலி என்றார்கள், மற்றொரு சாரார் நகல் என்றார்கள். உலகெங்கும் சுமார் 39 கோடி டாலர் வசூலித்தும், 20 கோடிக்கு மேல் செலவான படத்துக்கு அது போதவில்லை. அடுத்த பாகம் வரவேயில்லை. முந்தைய ஆண்டு பேட்மேனின் மறுதொடக்கத்தைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்த்து வந்தவர்களுக்கு மீட்சி கிடைத்தது.

2013இல் அப்படியே தலைகீழ். ஜாக் ஸ்னைடர் எடுத்தது முழு மறுதொடக்கம். சிவப்பு உள்ளாடை இல்லை, வில்லியம்ஸின் இசை இல்லை; ஹான்ஸ் ஜிம்மர் புதிதாக இசையமைத்தார். ஆற்றில் மூழ்கும் பள்ளிப் பேருந்தைத் தூக்கிச் சகமாணவர்களைக் காப்பாற்றிய சிறுவன், அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறான். கெவின் காஸ்ட்னர் நடித்த வளர்ப்புத் தந்தை, இருக்கலாம் என்கிறார். அந்த ஒற்றைச் சொல்லில் பழைய ரசிகர்கள் பலர் படத்தைவிட்டு விலகிவிட்டார்கள். முடிவில் நகரம் இடிந்து கிடக்க, ஒரு குடும்பத்தைக் காக்க வேறு வழியின்றி வில்லன் ஸாடின் கழுத்தை முறித்துவிட்டு, சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் கதறும் காட்சியைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. இது எங்கள் சூப்பர்மேன் இல்லை என்று கொதித்தவர்களின் வலி உண்மையானது. இப்படி ஒருவன் நிஜத்தில் வந்தால் உலகம் அஞ்சத்தான் செய்யும், அவனும் தடுமாறத்தான் செய்வான் என்று அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்களின் அன்பும் உண்மையானது. வசூல் 66 கோடி டாலரைத் தாண்டியது. இம்முறை மீட்சிக்காக வந்தவர்களுக்கு மறுதொடக்கம் கிடைத்தது.

அடுத்து நடந்தது ரசிகர்களுக்கு இன்னும் கடுமையானது. 2022 அக்டோபரில் கேவில் தான் திரும்பி வருவதாக அறிவித்தார். டிசம்பரிலேயே, வரப்போவதில்லை என்றும் அவரே அறிவிக்க நேர்ந்தது. டிசி படங்களின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் கன் வேறு ஒருவரைத் தேடினார். மீட்சி என்று நம்பிக் கொண்டாடி இரண்டு மாதம் ஆகவில்லை, அது மறுதொடக்கமாகிவிட்டது. 2025 படத்தின் மேல் விழுந்த கோபத்தில் ஒரு பங்கு, படம் எடுக்கப்படும் முன்பே பிறந்தது.

அந்த 2025 படம் இரண்டையும் கலக்கிறது. கதையுலகம் புதியது, நாயகன் டேவிட் கோரன்ஸ்வெட் புதியவர்; ஆனால் சிவப்பு உள்ளாடை திரும்பியது, வில்லியம்ஸின் மெட்டு திரும்பியது. 1986இல் இல்லாமல் ஆக்கப்பட்ட கிரிப்டோ, தோற்றுப்போய் பனியில் விழுந்து கிடக்கும் நாயகனின் மேல் பாய்ந்து, அவனை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பெரும் அரக்க உருவோடு சண்டை நடக்கும்போது ஓர் அணிலைக் காப்பாற்ற அவன் பாய்வதைக் கண்டு நெகிழ்ந்தவர்கள் ஏராளம். அதே ரசிகர்கள் தடுக்கி விழுந்தது, கிரிப்டானில் அவனைப் பெற்றவர்கள் அவனுக்கு விட்டுச்சென்ற செய்தியில். 1978இல் பிராண்டோவின் குரல், மனிதர்கள் நல்லவர்களாக விரும்புகிறவர்கள், அவர்களுக்கு வழிகாட்டு என்று மகனை அனுப்பியது. 2025 படத்தில் சிதைந்திருந்த செய்தியின் பின்பாதி மீட்கப்படும்போது, மனிதர்களை ஆளவே அவன் அனுப்பப்பட்டான் என்று தெரிகிறது. வளர்த்தவர்களே அவனை ஆக்கினார்கள் என்று காட்ட கன் எடுத்த முடிவு அது. அதற்கு வலு இருக்கிறது. ஆனாலும் வெளியே மீட்சியின் உடை, உள்ளே ஒரு மறுப்பு. உடையைப் பார்த்து வந்தவர்கள் திகைத்ததில் வியப்பில்லை.

எழுதும்போது இப்படிக் கையாளலாம். பொதுப்பெயராக மறுதொடக்கம் போதும்: மறுதொடக்கப் படம், மறுதொடக்கம் செய்தார்கள். பழைய படங்களின் நினைவைத் தாங்கி வருவதை மீட்சி, மீட்சிப் படம் என்று பிரித்து எழுத வேண்டும். 2006 படம் மீட்சி, 2013 படம் மறுதொடக்கம். 2025 படத்துக்குப் பழைய அடையாளங்களின் மீட்சியோடு வந்த மறுதொடக்கம் என்பது நீளம்தான். செய்தித் தலைப்பில் இடம் இல்லையென்றால் மறுதொடக்கம் என்று போட்டுவிட்டு, மீட்சியை முதல் பத்தியில் சொல்லிவிடலாம்.