ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்றால் தகைவு முறிவு

ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்குப் பாதம் வலிக்கிறது. மருத்துவர் ‘ஸ்ட்ரெஸ் பிராக்சர்’ என்கிறார். வீட்டில் பலருக்கும் உடனே பரீட்சை டென்ஷன்தான் நினைவுக்கு வரும். ‘அழுத்த முறிவு’ என்று எழுதினாலும் மன அழுத்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது. எலும்பில் விழும் இந்த முறிவுக்கும் மனதுக்கும் தொடர்பில்லை.

‘ஸ்ட்ரெஸ்’ஸின் வேர் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் இலத்தீன் வினை. 19ஆம் நூற்றாண்டில் பொறியியலில் அதற்குத் தனிப்பொருள் ஏற்பட்டது. நம் இயற்பியல் பாடநூல் அதைத் ‘தகைவு’ என்கிறது. தகைதல் என்றால் தடுத்தல். வெளியிலிருந்து வரும் விசையைப் பொருள் உள்ளிருந்து தடுப்பது தகைவு. அதனால் தகைவு முறிவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த முறிவை முதலில் கவனித்தது ஓட்டக்காரர்களிடம் அல்ல, சிப்பாய்களிடம். நெடுந்தூரம் நடந்தவர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல்தான் தெரிந்தது. இதற்கு இருக்கும் ‘மார்ச் பிராக்சர்’ என்ற இன்னொரு பெயர் சிப்பாய்களின் அந்த அணிவகுப்பு நடையிலிருந்து வந்ததுதான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதேதான். ஓடும்போது எலும்பில் நுண்ணிய சேதம் உண்டாகும்; ஓய்வில் உடல் அதைச் சரிசெய்துவிடும். பயிற்சியைத் திடீரெனக் கூட்டினால் பழுதுபார்க்க நேரம் போதாமல் கீறல் விழும். சரியாகச் சாப்பிடாத பிள்ளைகளுக்கும் மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல்.

விழவில்லை, மடங்கவில்லை; அதனால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறோம். அதற்கு முன் வலிக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பாதம் முழுக்கப் பரவாமல், ஒரே எலும்பின் மேல் ஒரே புள்ளியில் பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் சந்தேகப்பட வேண்டும். இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புகளில் இது அதிகம். ஓடும்போது வலித்து, உட்கார்ந்தால் அடங்குவதும் ஓர் அடையாளம்.

முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் பிள்ளையை மறுபடி மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். வலி அப்படியே இருந்தால் எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். முக்கியமாக, பாதத்தின் மேற்புறம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் வலித்தால் தாமதிக்க வேண்டாம். அங்குள்ள படகு வடிவ எலும்பின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. முறிந்தால் லேசில் ஒன்றுசேராது.