பாட்டை மட்டும் மாத்திடலாமாண்ணா?

போன பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் என் எடிட் ரூமுக்கு மூன்று பேர் வந்தார்கள். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருட மாணவர்கள். கையில் ஒரு ஹார்டு டிஸ்க். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மியூசிக் வீடியோ, கூடவே டீசர், போஸ்டர், ஆல்பம் அட்டை என்று முழு விளம்பரத் தொகுப்பும் கொடுக்க வேண்டும். ஏற்காட்டில் நான்கு நாள் தங்கி எடுத்து, எடிட்டும் முடித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வீடியோ முடங்கிவிட்டது. அவர்கள் எடுத்தது ஒரு சினிமாப் பாட்டுக்கு.

"பாட்டை மட்டும் மாத்திடலாமாண்ணா?" என்று கேட்டார், அதில் பாடி நடித்திருந்த பெண்.

டைம்லைனில் போட்டு ஓடவிட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்று பாடுகிறார், முகம் திரை நிறைய இருக்கிறது. 'ம', 'ப' வரும் இடத்தில் உதடு ஒட்டுகிறது, 'ஆ' வரும் இடத்தில் திறக்கிறது. அந்த உதட்டுக்கு வேறு எந்தப் பாட்டும் பொருந்தாது. "முடியாதும்மா" என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. நான்கு நாள் ரூம் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் வீட்டில் கேட்டு வாங்கிய பணம்.

வருடா வருடம் பிப்ரவரி, மார்ச்சில் இப்படி யாராவது வந்து உட்காருகிறார்கள். கேமரா சரியில்லாமல் கெட்டுப்போன மாணவர் வீடியோவை நான் அதிகம் பார்த்ததில்லை. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டிய வேலை முடியாமல் கெட்டுப்போனவைதான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, பாட்டு யாருடையது என்று தெரிந்துகொள்வது. ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு.

"பத்து செகண்ட் தானே போட்டோம்" என்பார்கள். பத்து செகண்டுக்குச் சலுகை என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. "காப்பிரைட்டை மீறும் நோக்கம் இல்லை" என்று கீழே எழுதிப் போடுவதால் எதுவும் மாறாது. "நாங்களே திரும்பப் பாடிட்டோம்ணா?" என்றும் கேட்பார்கள். ஒலிப்பதிவுச் சிக்கல் தீரும், வரியும் மெட்டும் அப்படியே நிற்கும். கல்லூரி அரங்கத்துக்குள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் இருக்கும்போது ஒரு பாட்டைப் பாடவோ ஓடவிடவோ சட்டம் இடம் கொடுக்கிறது. அதே பாட்டோடு யூடியூபுக்குப் போனால் அந்த இடம் இல்லை. அங்கே உரிமையாளர் வீடியோவை விட்டுவைத்து விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது முடக்கிவிடலாம். எதைச் செய்வார் என்பது அவர் விருப்பம். உங்கள் ப்ராஜெக்ட் தேதி அவருக்குத் தெரியாது.

பழைய பாட்டு என்றால் பிரச்சினை இல்லை என்ற நினைப்பும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைப் பார்த்தபடிதான் மலைக்குப் போகிறோம். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் வந்தது. அந்த வருடத்துப் பாட்டு ஒன்றின் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு 2016-லேயே முடிந்துவிட்டது, சரி. ஆனால் எழுதியவரும் இசையமைத்தவரும் எந்த வருடம் காலமானார்கள் என்று பார்க்க வேண்டும். இருவரில் ஒருவர் 1980-ல் போயிருந்தால்கூட அவர் பங்குக்கு 2040 வரை உரிமை இருக்கிறது.

அப்படியானால் என்னதான் எடுப்பது? பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, வரிகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம். சங்கப் பாடல்களும் அப்படித்தான். மெட்டை மட்டும் உங்கள் வகுப்பில் கிட்டார் வாசிக்கிறவரை வைத்துப் புதிதாகப் போடுங்கள். ஏற்கெனவே யாரோ இசையமைத்துப் பாடிய பதிவை எடுத்தால் அது மறுபடியும் அவர்களுடையது. சேர்வராயன் மலை ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் பாட்டைப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள், பாடுகிறவரிடம் எதற்கு என்று முழுதாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, பணம் கொடுத்து, பெயர் போட்டுச் செய்யுங்கள். பரம்பரைப் பாட்டுக்கு உரிமையாளர் பெயர் பதிவில் இல்லை என்பதற்காக அது கேட்பாரற்ற பொருள் ஆகிவிடாது.

நண்பன் போட்ட பாட்டாக இருந்தாலும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை வருடம், எந்தெந்த நாட்டில், பணம் உண்டா, பெயர் எப்படி வர வேண்டும். காலத்தை எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யூடியூப் இந்தியாவோடு நிற்பதில்லையே.

அந்த மூன்று பேருக்கும் ப்ராஜெக்ட் கொடுக்க ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. உட்கார்ந்து பேசினோம். ஹாஸ்டல் தோழி ஒருத்தி எழுதி வைத்திருந்த கவிதை ஒன்று இருந்தது, கொலுசைப் பற்றி. வகுப்பு நண்பன் இரண்டே நாளில் மெட்டுப் போட்டான். மறுபடி மலைக்குப் போகக் காசில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற ஒருவரின் பட்டறையில் எடுக்கலாம் என்று முடிவானது. சொல்லப்போனால் முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சேலத்தில் இருந்துகொண்டு கொலுசுப் பட்டறையையும் அம்மாப்பேட்டைத் தறியையும் விட்டுவிட்டு, எல்லோரும் எடுக்கிற அதே ஏற்காடு பகோடா பாயிண்டையே ஏன் எடுக்க வேண்டும்?

மலையில் எடுத்ததில் உதடு அசையாத ஷாட்கள் அத்தனையும் பிழைத்துக்கொண்டன. பனிமூட்டம், காபிச் செடிகளுக்கு நடுவே நடப்பது, ஏரியில் விழும் மழை. அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: மூன்றில் ஒரு பங்காவது உதடு அசையாத ஷாட் எடுங்கள்.

பழைய ஃபுட்டேஜைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. குளோசப்பில் லிப் சிங்க், அதாவது பாட்டோடு உதடு பொருந்துவது, கச்சிதமாக இருந்தது, லாங் ஷாட்டில் மட்டும் உதடு பின்தங்கியது. நடிப்பில் தவறு என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டிருந்தார். தவறு அவருடையது இல்லை. ஸ்பீக்கரைக் கேமரா பக்கத்தில் வைத்துவிட்டு அவரைத் தூரத்துப் பாறையில் நிற்க வைத்திருக்கிறார்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குப் பாட்டு பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாகக் கேட்கும். 25 ஃபிரேமில் எடுத்தால் அது இரண்டரை ஃபிரேம். கேமராவின் மைக் உடனே கேட்டுவிடுகிறது, பாடுகிறவர் பின்னால் கேட்டுப் பாடுகிறார். எடிட்டில் கேமரா ஒலியை வைத்து சிங்க் செய்தால் உதடு பின்தங்கத்தான் செய்யும். லாங் ஷாட்டுக்கு ஸ்பீக்கரை நடிக்கிறவர் பக்கத்தில் ஒரு செடிக்குப் பின்னால் வையுங்கள், எடிட்டில் உதட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

போனில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பெரும்பாலான போன்களின் கேமரா ஆப் ஃபிரேம் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும். பல்லவியில் ஒட்டி இருக்கும் உதடு கடைசிச் சரணத்தில் விலகிவிடும். ஃபிரேம் வேகத்தைப் பூட்டி வைக்கிற ஆப்பில் எடுங்கள், இல்லையென்றால் எடிட்டுக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். பட்டறை மாதிரி டியூப் லைட் எரியும் இடத்தில் ஷட்டர் வேகம் விநாடியில் 50-ல் ஒரு பங்கோ 100-ல் ஒரு பங்கோ இருக்கட்டும், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் படம் மின்னாது.

மலை என்றதும் இரண்டு வார்த்தை. ஏசி காரில் கொண்டுபோன கேமராவைப் பனிமூட்டத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வையுங்கள். அப்புறம், அடிவாரத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் நின்று எடுக்காதீர்கள். கீழிறங்கும் பஸ் டிரைவருக்கு உங்கள் டிரைபாட் திருப்பத்தில்தான் தெரியும். காபி எஸ்டேட் தனியார் இடம், வனப்பகுதி வனத்துறையின் இடம். இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

புதுப்பாட்டுக்கு வருகிறேன். 3 நிமிடம் 12 விநாடி, நிமிடத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டுக்கு 0.6 விநாடி, அதாவது 25 ஃபிரேம் கணக்கில் சரியாக 15 ஃபிரேம். மொத்தம் 320 தட்டு, நான்கு நான்காகப் பிரித்தால் 80 சுற்று. ஒரு சார்ட் பேப்பரில் 80 கட்டம் போடச் சொன்னேன். பல்லவி எத்தனை கட்டம், இடையிசை எத்தனை, எந்தக் கட்டத்தில் சுத்தியல், எந்தக் கட்டத்தில் முகம். இரவு பதினொன்று வரை தரையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். அந்தத் தாள் இருந்ததால்தான் ஒன்றரை நாளில் ஷூட்டிங் முடிந்தது. பட்டறைக்காரர் வெள்ளி வளையங்களைக் கோத்துச் சுடரைக் காட்டும்போது, வெள்ளி சிவந்து வளையங்கள் ஒன்றோடு ஒன்று பற்றிக்கொள்ளும் அந்தக் கணம் எட்டாவது கட்டத்தில் முதல் தட்டில் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆறு முறை எடுத்தார்கள். வந்தது.

இனி விளம்பரத் தொகுப்பு. இதைக் கடைசி வாரத்து வேலை என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஷூட்டிங் நடக்கும்போது ஸ்டில் எடுக்கத் தனியாக ஒருவர் இல்லையென்றால் போஸ்டருக்குப் படம் கிடையாது. "வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்துக்கலாம்ணா" என்பார்கள். ஃபுல் எச்டி ஃபிரேமின் உயரம் 1080 பிக்சல். பாட்டு ஆப்களுக்குத் தருகிற ஆல்பம் அட்டை 3000-க்கு 3000 சதுரம். ஏ3 போஸ்டரைச் சுத்தமாக அச்சடிக்க நீளப் பக்கம் கிட்டத்தட்ட 5000 பிக்சல் வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். ரீல்ஸும் அப்படித்தான். அகலவாக்கில் எடுத்த எச்டி ஃபிரேமை நிமிர்த்தி வெட்டினால் மிஞ்சும் அகலம் 607 பிக்சல். டீசருக்கான நான்கைந்து ஷாட்டைப் போனை நிமிர்த்திப் பிடித்துத் தனியாகவே எடுத்துவிடுங்கள்.

போஸ்டர், அட்டை, தம்ப்நெயில், டீசர் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிய வேண்டும். இவர்கள் கரிப்பிடித்த கறுப்பும் வெள்ளியும் என்று இரண்டே நிறத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைக் கொலுசு எல்லாவற்றிலும் வரும். தம்ப்நெயிலைப் போனில் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம், கொலுசு தெரிந்தது, முகம் தெரியவில்லை. முகத்தைப் பெரிதாக்கினோம்.

போஸ்டரின் முதல் பிரதியில் தலைப்பே உடைந்திருந்தது. 'கொலுசு' என்பதில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்து அமைப்பைத் தமிழ் போன்ற மொழிகளுக்கானதாக மாற்றாமல் தட்டினால் இப்படித்தான் வரும். டிசைன் செய்தவர், பார்த்தவர், அச்சடித்தவர் யாரும் கவனிக்கவில்லை. ஊரெங்கும் ஃப்ளெக்ஸில் உடைந்த தமிழைப் பார்த்துப் பார்த்து நம் கண் பழகிவிட்டது, எனக்கு அது பெரிய வேதனை. கவிதை எழுதிய பெண்ணையே பிரஷ்ஷால் தலைப்பை எழுதச் சொல்லி ஸ்கேன் செய்தோம். அந்தக் கையெழுத்துதான் கடைசியில் எல்லாவற்றிலும் வந்தது. எழுத்துருவுக்கு உரிமம் தேடும் வேலையும் மிச்சம்.

பட்டறைக்காரரிடம் ஷூட்டிங்குக்கு முன்பே, முகம் வரும், யூடியூபில் வரும், யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது ஃபிரேமில் வந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். முதல் கட் ஆனதும் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். நானும் கூடப் போனேன்.

போனில் முழுதாகப் பார்த்தார். கடைசியில் நன்றி என்று அவர் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இந்த முத்தெல்லாம் பத்த வெக்கிறது அவதான் கண்ணு. அவ பேரையும் போடுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, கணவர் பெயருக்கு மேலே தனி வரியில் சேர்த்து, அன்று ராத்திரியே மறுபடி ரெண்டர் போட்டோம்.